ஆறு மணிக்குக் கரையேறியவன்

மாலை ஆறு மணிக்குக் கரையில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. கடலில் தேடப் போகச் சத்தெய்யாவின் படகில் டீசல் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவன் திரையைப் பார்த்துவிட்டுக் கூவினான்.

"டேய், தனராஜு வந்துட்டான்டா! வீடியோ போட்டிருக்கான், பாரு!"

பங்காரி மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்து அந்தப் போனைப் பிடுங்கினாள். அவள் புருஷன்தான். நீலச் சட்டை, தலையில் முண்டாசு. பின்னால் அவள் தம்பி எர்ரய்யா, பல்லெல்லாம் தெரிய, ஒரு பெரிய வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணன்மாரே, அக்காமாரே, இன்னைக்குக் கடல்ல நடந்ததச் சொன்னா நம்பமாட்டீங்க. உசுரோட கரைக்கு வந்து நிக்கிறோம்னா அது கங்கம்மா புண்ணியம்."

ஒரு மூச்சு நேரம் பங்காரியும் நம்பினாள். முதல் நாள் விடியலுக்கு முன் கடலுக்குப் போய், இன்று காலையே திரும்பியிருக்க வேண்டியவர்கள். அவன் போன் அணைந்து கிடக்க, மதியம் முழுக்கக் கரையில் நின்று கண் பூத்துப்போனவள் அவள். கரைக்கு வந்து நிற்கிறோம் என்று அவன் வாயால் கேட்டதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

அப்போது படத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. "மீனக் கொஞ்சம் மேல தூக்குடா தம்பி, மூஞ்சி மறையுது."

அது அவள் குரல். தசராவுக்கு முன்னால் எடுத்தது. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வெளியாகட்டும் என்று நாள் குறித்து வைத்ததும் அவள்தான். போன் கையிலிருந்து நழுவியது.

அவர்கள் தொழில் அப்படி. நல்ல மீன் பட்ட நாளில் ஒரே மத்தியானத்தில் நாலைந்து முறை கரைக்கு வருவார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு, படகைத் தள்ளி ஏறி, மறுபடி குதித்து இறங்குவார்கள். ஒரே மீனை ஒரு வீடியோவில் தலைப்பக்கமும் இன்னொன்றில் வால்பக்கமும் காட்டுவார்கள். நாலு நாள் சும்மா இருந்தால் ஜனம் வேறு யாருடைய கடலையாவது பார்க்கப் போய்விடும் என்று தனராஜுவுக்குப் பயம். "மீனே கெடைக்காத நாளும் நாம கரைக்கு வரணும் பங்காரி. கரெக்டா ஆறு மணிக்கு" என்பான். வஞ்சிரத்தின் அந்த ஊர்ப் பேரைச் சேர்த்துக் கோனாம் தனராஜு என்றால் பீமிலி கடற்கரையில் மட்டுமில்லை, ஐதராபாத்தில் கடலையே பார்க்காதவனுக்கும் தெரியும். ஏழு லட்சம் பேர்.

திங்கட்கிழமை படகைத் தள்ளும்போது அவன் போட்டிருந்ததும் அதே நீலச் சட்டை. கரை முழுக்க அதைப் பார்த்திருந்தது.

"இது பழசு!" என்று பங்காரி கத்தினாள். "பழைய வீடியோ! நான்தான் போட்டு வெச்சேன். அவங்க வரல! கேன எறக்காதீங்க!"

"ஏன்மா, இன்னைக்குன்னு அவனே சொல்றானே," என்றான் கேனைத் தோளிலிருந்து இறக்கியவன்.

மீன் கூடையோடு நின்ற போலம்மா உதட்டைப் பிதுக்கினாள். "ஓலம்மோ! பெரிய ஆளாயிட்டான்ல, நம்ம கரை அவனுக்கு நாறுது. பீமிலில எறங்கி வித்துட்டு பிரியாணி தின்னுட்டு இருப்பான். நீ வீட்டுக்குப் போடி, பின்னாலயே வருவான்."

சிலர் சிரித்தார்கள். பயம் தீர்ந்தவர்களின் சிரிப்பு. அதைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சிரிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் இருந்தது.

மதியம் புகார் எழுதிக்கொண்ட காவலருக்குப் போன் போட்டாள்.

"நானே பாத்தேன்மா," என்றார் அவர். "என் சம்சாரம் உங்க ஆளோட ரசிகை. மொத வேலையா எனக்கு அனுப்பிட்டா. மேல சொல்லியாச்சு, ஆள் வந்தாச்சுன்னு. வந்தவனத் தேடச் சொல்றியா?"

"அது பழசு சார்."

"ஏழு லட்சம் பேருக்கு இன்னைக்கு, எனக்கு மட்டும் பழசா?"

அவர் வைத்துவிட்டார். பங்காரி சத்தெய்யாவிடம் போனாள். அறுபது வயது மனிதர், அந்தப் படகின் சொந்தக்காரர். தனராஜுவின் அப்பாவோடு கடலுக்குப் போனவர். அவர் மட்டும் கேனை இறக்காமல் நின்றிருந்தார்.

"நெசமாவே பழசா?"

"கங்கம்மா சத்தியமா, மாமா."

"அப்ப அன்னைக்கு சுறா சுத்திச்சுன்னு அழுதானே? புயல்ல மாட்டுனேன்னானே? நானும் ஒக்காந்து பாத்து அழுதேனே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் கடல் பக்கம் திரும்பினார். "சரி, அது கெடக்கட்டும். ஒத்தப் படகோட எந்தப் பக்கம்னு போறது? இன்னும் ரெண்டு படகு வேணும். திசை வேணும். இவனுங்க இப்ப எவனும் வரமாட்டான், வீடியோவ நம்பிட்டானுங்க. நீ சொன்னா நம்பமாட்டானுங்க."

யார் சொன்னால் நம்புவார்கள் என்பது பங்காரிக்குத் தெரியும். நம்ப வைத்த இடத்தில்தான் போய்ச் சொல்ல வேண்டும். தன் போனில் அந்த வீடியோவை அழித்தாள். பிறகு நேரலைக்கான பொத்தானுக்கு மேலே அவள் விரல் நின்றது.

அவள் முகம் அதுவரை அதில் வந்ததே இல்லை. மீனை அறுக்கும் கையும் பின்னாலிருந்து சிரிக்கும் குரலும்தான் வரும். பார்க்கிறவர்கள் அந்தக் குரலுக்கு வதினா என்று பேர் வைத்திருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அக்கா புருஷனைப் பாவா என்பது போல. இப்போது வதினா வந்து, இதுவரை நீங்கள் பார்த்த 'இன்னைக்கு' எல்லாம் பொய் என்று சொன்னால், ஆறு வருஷமாக வெயிலிலும் உப்பிலும் அவன் சேர்த்த கூட்டம் ஒரே நாளில் காறித் துப்பிவிட்டுப் போகும். சொல்லி முடித்த நிமிஷமே, என்ஜின் மக்கர் பண்ணியது என்று அவன் வந்து இறங்கலாம். 'என்னடி பண்ணி வெச்சிருக்க, பாவி' என்று அறையக் கூட அறையலாம். அந்த அறைக்காக அவள் கன்னம் ஏங்கியது.

பொத்தானை அழுத்தினாள். அவள் முகம் அவளுக்கே தெரிந்தது. தலை கலைந்து, மூக்கு சிவந்து, பயத்தில் வேறு யாரோ போல.

"நான் வதினா. தனராஜு சம்சாரம். ஆறு மணிக்கு நீங்க பாத்த வீடியோ இன்னைக்கு எடுத்ததில்ல. எங்க வீடியோ எதுவுமே அன்னன்னைக்கு எடுத்ததில்ல. முன்னாடியே எடுத்து வெச்சுப் போடுவோம். ஏமாத்திட்டோம். திட்டுறத அப்புறம் திட்டிக்கங்க. இப்ப என் வீட்டுக்காரரும் தம்பியும் கடல்லருந்து திரும்பல. யாராவது பாத்தீங்களா?"

எழுத்துகள் கீழேயிருந்து மேலே ஓடத் தொடங்கின. வதினா அழகு. நடிப்பு சூப்பர். அடுத்த பாகம் எப்போ? ஒருவன் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினான். அண்ணன் பின்னாடி ஒளிஞ்சு சிரிக்கிறாரு பாரு, என்றான் இன்னொருவன். பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மற்ற நாளாக இருந்தால் தனராஜு அதைப் பார்த்துத் துள்ளியிருப்பான். இப்போது அவள் அந்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். இத்தனை ஆயிரம் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கின்றன, ஒருவருக்கும் அது பயந்த முகமாகத் தெரியவில்லை.

"நடிப்பில்லண்ணா," என்றாள். "கால்ல விழுறேன். இது நடிப்பில்ல." சொல்லும்போதே, போன மாசம் தனராஜு இதே வார்த்தைகளைச் சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தன் போன் நம்பரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அழைப்புகள் கொட்டின. முத்தச் சத்தம் கொடுத்தவர்கள், பாட்டுப் பாடச் சொன்னவர்கள், கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றவர்கள். ஒவ்வொன்றையும் எடுத்தாள். எதை எடுக்காமல் விட்டாலும் அது அவனுடையதாக இருந்துவிடும் என்ற பயம்.

அதற்கு நடுவே யாரோ ஒருவன் எதுவும் பேசாமல் ஒரு சின்ன வீடியோவை அனுப்பியிருந்தான். இழுவைப் படகு ஒன்றின் தளத்திலிருந்து எடுத்தது. சாயங்கால வெளிச்சம். தூரத்தில் ஒரு ஃபைபர் படகு அலையில் ஏறி இறங்குகிறது. தளத்தில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். "கோனாம் அண்ணா! அண்ணோவ்!" எடுப்பவன் தன் கூட்டத்தாருக்குச் சொல்கிறான்: "பாருங்க மக்களே, நடுக்கடல்ல அண்ணனப் பாத்துட்டோம். நமக்கு ஹாய் சொல்றாரு!"

தனராஜு வெற்றுடம்போடு நின்று நீலச் சட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் எர்ரய்யா துடுப்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் பிடித்திருந்தான், ஆபத்தென்று கடலில் காட்டும் அடையாளமாக. தனராஜுவின் வாய் முழுக்கத் திறந்திருந்தது. என்ஜின் இரைச்சலில் அவன் குரல் கேட்கவில்லை. இழுவைப் படகு வேகத்தைக் குறைக்கவே இல்லை. அதில் இருந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். தனராஜுவின் படகு சிறுத்துக்கொண்டே போய், வீடியோ முடிந்தது.

அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. விசும்பல்.

"அக்கா, ஷூட்டிங்னு நெனச்சோம்கா. அண்ணன் வீடியோ ஆரம்பத்துல எப்பவும் அப்படித்தான சட்டையச் சுத்திட்டு நிப்பாரு... நேத்து சாயங்காலம்கா. இப்பத்தான் எங்களுக்கு டவர் கெடச்சுது."

"எந்த எடம்? உங்க சரங்குகிட்ட குடு. அழாதடா, குடு!"

படகை ஓட்டிய சரங்கு சொன்ன இடத்தை அவள் சத்தெய்யாவிடம் கத்திச் சொன்னாள். பெரியவர் அந்த வீடியோவை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு கரையில் நின்றவர்களிடம் அதைத் திருப்பிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. போலம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து அங்கன்னா, தெக்குத் தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும்," என்றார் சத்தெய்யா. "தெக்கே பூடிமடகாக் கரையத் தாண்டிப் பாக்கணும். ஏத்துங்கடா கேன!"

மூன்று படகுகள் போயின. காவலரும் வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. மேலே மறுபடி சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் படகுகள் திரும்புவதாகச் செய்தி வந்தபோது கரையில் திருவிழாக் கூட்டம். அவள் பேசியதை ஊரெல்லாம் பார்த்திருந்தது. பட்டணத்திலிருந்து வண்டி வைத்து வந்திருந்தார்கள். கம்பு முனையில் போனைச் செருகித் தூக்கிப் பிடித்தவர்களும் தோள்மேல் பிள்ளையை ஏற்றி அதன் கையில் போனைக் கொடுத்தவர்களுமாகத் தண்ணீர்வரை நிறைந்து நின்றார்கள். பங்காரிக்குக் கடல் தெரியவில்லை. தூக்கிய கைகளும், அந்தக் கைகளில் சின்னச் சின்னக் கடல்களும்தான் தெரிந்தன.

"வழி விடுங்க. வழி விடுங்கண்ணா."

யாருக்கும் கேட்கவில்லை. அவள் முன்னால் நின்ற பெண் தன் போனிடம் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தாள். "மொதல் போட்டு தெரியுது ஃப்ரெண்ட்ஸ்... அதுல தப்பிச்சவங்க இருக்காங்களாம்... போர்வை போத்தி ஒக்காந்திருக்காரு... ஒருத்தர்தான் ஃப்ரெண்ட்ஸ். ஒருத்தர் மட்டும்தான் தெரியறாரு."

பங்காரியின் கால்கள் மணலில் நின்றுவிட்டன. ஒருத்தர். யார் என்று மனம் கேட்டது. யாராக இருக்க வேண்டும் என்று அடுத்த கேள்வியையும் கேட்டது. அதற்குப் பதில் சொல்லிவிடுமோ என்று இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடலை நினைத்துப் பட்ட பயமெல்லாம் அந்த ஒரு கணத்துக்கு ஈடாகாது. தலையைக் குனிந்து, கைகளுக்குக் கீழே புகுந்து, முட்டி மோதித் தண்ணீருக்கு வந்தாள்.

போர்வைக்குள் இருந்தது எர்ரய்யா. உதடு வெடித்து, கண் இடுங்கி, பத்து வயது கூடியவன் போல இருந்தான். சத்தெய்யா அவனைத் தூக்கி இறக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"படகு கவுந்து ஒரே ஒரு கேன்தான் மெதந்துச்சு அக்கா," என்றான் எர்ரய்யா. குரல் உடைந்த ஓடு உரசுவது போல இருந்தது. "பாவா அத என் இடுப்புல கட்டிட்டாரு. நேத்து விடியக்காலைல கைய விட்டுட்டாரு. நான் கூப்புட்டேன்."

அவள் அவனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நேற்று விடியற்காலை. அவள் கரையில் நின்று காத்திருக்கத் தொடங்குவதற்கும் முன்னால்.

"எர்ரய்யா! தம்பி! இங்க பாரு!" கூட்டத்தில் அவன் ரசிகர்கள் நிறையப் பேர். உயிரோடு கண்ட சந்தோஷத்தில் கத்தினார்கள். அழுதவர்களும் இருந்தார்கள். முன் வரிசையில் ஒருவன் கையை ஆட்டினான். பின்னாலிருந்தவர்களும் ஆட்டினார்கள். கரை முழுக்கக் கைகள் ஆடின.

எர்ரய்யா நடுங்கி அவள் தோளில் முகத்தைப் புதைத்தான்.

"கையாட்டுறாங்க அக்கா. போயிடப் போறாங்க. நிக்கச் சொல்லு."

பங்காரி புடவைத் தலைப்பை இழுத்து அவன் தலையையும் முகத்தையும் மூடினாள். சத்தெய்யா துடுப்பைக் குறுக்கே பிடித்து வழி உண்டாக்க, போன்களுக்கு நடுவே அவனை நடத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் போனாள்.