மத்தியானக் குளிசை

றொனால்டின் அழைப்பு வந்தபோது கொறற்றி ட்றாமைக் கடைசித் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு, சாரதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். ஹனோவரில் பல வருடங்களாக ட்றாம் ஓட்டுகிறவள். கொஞ்சக் காலமாய் அவளோடு பழகிவரும் றொனால்ட் வேலை நேரத்தில் அழைப்பதில்லை. அது இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஒழுங்கு. அதனால் பெயரைப் பார்த்ததுமே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது.

கொஞ்ச நாளாகவே அவன் மெலிந்துகொண்டு வந்தான். பேக்கரி வேலையின் அலுப்பு என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். டொக்டர் விடாமல் இரத்தம் எடுத்து எல்லாவற்றையும் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார். முடிவு அன்று காலையில் வந்தது. எச்.ஐ.வி. தனக்கு இதுவரை தெரியாது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு குரலை இறுக்கிக்கொண்டான்.

"கொறற்றி, சனிக்கிழமைதான் முதல் தடவையா நீர் என்னோட இருந்தனீர். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமாம். பிந்தினால் மருந்து வேலை செய்யாதாம். என்னை ஏசிறதெண்டால் பிறகு ஏசும். முதல்ல போம்."

அவள் ஏசவில்லை. தேத்தண்ணியின் மிச்சத்தைப் புல்லில் ஊற்றினாள். தரிப்பிடத்தில் சனங்கள் ஏறிவிட்டார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறு அந்தம் வரைக்கும் ட்றாமை ஓட்டினாள். ஒவ்வொரு தரிப்பிலும் கதவு திறந்து மூடுவதை, ஒரு பிள்ளைவண்டி ஏறுவதை, மஞ்சள் விளக்கைக் கவனமாகப் பார்த்தாள். ஓட்டும்வரைக்கும் ஒன்றும் நினைக்கவில்லை. பொறுப்பை அடுத்த சாரதியிடம் கொடுத்துவிட்டு இறங்கி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், என்ன வருத்தம் என்று கேட்டாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கொறற்றிக்கு ஜெர்மன் சொற்கள் ஒரு கணம் காணாமற்போயின. பிறகு, எச்.ஐ.வி உள்ள ஒருவரோடு இருந்தேன், தடுப்பு மருந்து வேண்டும் என்று நேராகச் சொன்னாள். பின்னால் நின்றவர் இருமினார். அவ்வளவுதான் நடந்தது. மேல்மாடிக்குப் போகச் சொன்னார்கள்.

டொக்டர் இளம் பெண். ஆணுறை பாவித்தீர்களா என்று கேட்டாள், இல்லை என்றதும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டாள். ஒரு தடவையில் தொற்றும் ஆபத்து குறைவுதான், இந்த மருந்து அதை இன்னும் நன்றாகக் குறைக்கும், ஆனால் நாலு கிழமைக்கு ஒரு நாளும் தவறக்கூடாது என்றாள். முதற் குளிசைகளை அங்கேயே விழுங்க வைத்தாள். குளிசைகள் முடிந்து சில கிழமைகளின் பின் எடுக்கும் இரத்தம்தான் கடைசிப் பதில் சொல்லும் என்றாள்.

குளிசையைவிட அந்தக் காத்திருப்புத்தான் அவளைத் தின்றது. சாப்பிட்டது சத்தியாய் வெளியே வந்தது, வாய் கசந்தது, அவற்றைத் தாங்கலாம். ஆனால் தொண்டை கரகரத்தால் அது அதுதானோ என்று நினைத்தாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போய்க் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவியது. ஓய்வறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். கைத்தொலைபேசியில் தேடித் தேடி, வாசித்த அறிகுறி ஒவ்வொன்றும் பின்னேரத்துக்குள் உடம்பில் வந்து நின்றது. கணவன் அலோசியசை விவாகரத்துச் செய்த காலத்தில்கூட அவளுக்கு இப்படித் தன் உடம்பே அந்நியமாகிப் போனதில்லை. அப்போது ஊர்ச்சனம் பேசியது. இப்போது உள்ளேயே ஒரு வாய் பேசிக்கொண்டிருந்தது. இந்த வயதில் உனக்கு ஆம்பிளை தேவைப்பட்டதோ என்று அது கேட்டது.

டொக்டர் தந்த தொலைபேசி இலக்கம் ஒரு எச்.ஐ.வி ஆலோசனை நிலையத்தினுடையது. போவதா விடுவதா என்று இழுத்தடித்து, ஒருநாள் வேலை முடிந்ததும் வேலை உடுப்போடேயே போனாள். அங்கே சாண்ட்ரா என்ற பெண் கோப்பி ஊற்றித் தந்தாள். கொறற்றி தன் பயங்களை எல்லாம் கொட்டி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, தன் உடம்பில் இருபது வருடமாக அந்த வைரஸ் இருக்கிறது என்றாள். மருந்து எடுப்பதால் அது இரத்தத்தில் அளக்க முடியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது, கணவருக்குத் தொற்றவில்லை, இனித் தொற்றவும் மாட்டாது, மகள் இந்த வருடம் பள்ளி முடிக்கிறாள் என்றாள். அவளுடைய நகங்களில் நல்ல சிவப்புப் பூச்சு இருந்தது. கொறற்றி அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இத்தனை நாளும் பயந்தது சாவுக்கல்ல, ஒதுக்கி வைக்கப்படுவதற்குத்தான் என்று அப்போது விளங்கியது. விளங்கியதும் கோபம் வந்தது. அந்தக் கோபம் பயத்தைவிட உடம்புக்கு ஒத்துக்கொண்டது.

அன்று வீட்டுக்கு வந்து றொனால்டை அழைத்தாள். அவனும் மருந்து தொடங்கியிருந்தான். அவள் இனிப் பேசமாட்டாள் என்று நினைத்திருந்ததாகச் சொன்னான். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவன் அழுதான்.

தங்கை யூலியாவுக்குத் தெரியவந்தது சத்தியால்தான். ஞாயிறு மதியம் கொறற்றி வீட்டுக்கு வந்தவள், அக்கா குளியலறைக்கு ஓடுவதைக் கண்டு, புற்றுநோயோ என்று பயந்து அழத் தொடங்கிவிட்டாள். அந்தப் பயத்தைத் தீர்க்கக் கொறற்றி உண்மையைச் சொன்னாள். யூலியாவின் அழுகை நின்றது. முதலில் யார் என்று கேட்டாள். பிறகு பொலிசில் சொல்ல முடியாதா என்று கேட்டாள்.

"அவர் தனக்குத் தெரிஞ்ச அண்டைக்கே எனக்குச் சொன்னவர், யூலியா. வெக்கத்தில வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இந்த மருந்தே கிடைச்சிராது."

யூலியா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அதன்பிறகு தொடவில்லை. மகள் லாரா முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை வருகிறது, மண்டபம் எடுத்தாயிற்று, நூறு பேர் வருவார்கள் என்றாள். "அண்டைக்கு உங்களுக்கு வேலை எண்டு சொல்லுவமே அக்கா? டெஸ்ட் முடிஞ்ச பிறகு வாங்கோ. டெஸ்டில இருக்கெண்டு வந்தால்…"

"வந்தால் மருந்து குடிப்பன். ட்றாம் ஓட்டுவன். உன்ர வீட்டுக்கும் வருவன். நான் லாராவின்ர ஞானத்தாய். கோயில்ல அவளுக்குப் பக்கத்தில நான்தான் நிப்பன்."

யூலியா சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனாள். பிறகு அழைக்கவுமில்லை.

நன்மை நாளில் கொறற்றி கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து, காலையிலேயே கோயிலுக்குப் போனாள். வெள்ளை உடுப்போடு லாரா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். யூலியா தடுக்க வந்தவள்போல ஒரு அடி முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டாள். பூசை முழுக்கக் கொறற்றியின் கை பிள்ளையின் தோளில் இருந்தது. பூசைக்குள்ளும் அவள் ஒரு தடவை எச்சில் விழுங்கித் தொண்டையைச் சோதித்தாள். பயம் போய்விடவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. குளிசையைச் சாப்பாட்டோடு எடுத்தால் சத்தி குறைவு என்பதால் அவள் அந்த நேரத்தைப் பழக்கமாக்கியிருந்தாள். மற்ற நாட்களில் முகம் கழுவப் போவதுபோல எழுந்துபோய் விழுங்குவாள். இன்றைக்கும் எழும்பத்தான் கதிரையைத் தள்ளினாள். எதிரே யூலியா, எழும்பிப் போ என்பதுபோலக் கதவைப் பார்த்தாள். கொறற்றி மறுபடி கதிரையில் இருந்தாள். கைப்பையைத் திறந்து குளிசைகளை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் தண்ணீரோடு விழுங்கினாள்.

பாடற்குழுவை நடத்துகிற யோகம் அக்கா பக்கத்தில் இருந்தாள். சீனியோ பிரஷரோ என்று அனுதாபமாகக் கேட்டாள்.

"இரண்டும் இல்லை அக்கா. எச்.ஐ.வி தொத்தாமல் இருக்கக் குடிக்கிற குளிசை. தொத்தியிருக்கோ இல்லையோ எண்டு இன்னும் தெரியாது."

மேசையில் யாரோ, எப்படி, யாரிடமிருந்து என்று மெல்லக் கேட்டார்கள். அது தன்னுடைய விசயம் என்று கொறற்றி சொன்னாள். குளிசையைப் பற்றிக் கேட்பதென்றால் கேளுங்கள், யாருக்கும் ஒருநாள் தேவைப்படலாம், அவசரப் பிரிவுக்கு உடனே போகவேண்டும், அவ்வளவுதான் என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கிய குரலிலேயே சொல்லி முடித்தாள். பிறகு ஆட்டிறைச்சிக் கறியை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். யோகம் அக்கா பாடற்குழுப் பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று எழுந்து போனாள். இன்னும் இருவர் போனார்கள். தூரத்து மேசையில் இருந்த ஒரு இளம்பெண் மட்டும், தண்ணீர் எடுக்க வந்தவள்போல அருகில் வந்து, எந்த ஆஸ்பத்திரி என்று குனிந்து கேட்டுக்கொண்டு போனாள்.

நாலு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சனம் கலைந்துவிட்டது. யூலியாவின் கணவன் பலூன்களை அவிழ்த்துக்கொண்டிருந்தான். குசினியில், பாதி மீந்த சோற்றோடு பெரிய கிடாரம் அடுப்பருகே இருந்தது. யூலியா அதைத் தனியே தூக்கப் பார்த்தாள், அது அசையவில்லை. கொறற்றி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஒரு பக்கக் காதைப் பிடித்தாள். யூலியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அழுததில் யூலியாவின் கண் வீங்கியிருந்தது. குனிந்து மற்றக் காதைப் பிடித்தாள்.

பின்கதவால் வெளியே வந்தார்கள். வெயிலும் தூறலும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. கார் தூரத்தில் நின்றது. கிடாரம் யூலியாவின் பக்கம் சரிந்தது. கொறற்றி தன் பக்கத்தைத் தாழ்த்திச் சமப்படுத்தினாள்.

"மெல்ல அக்கா," என்றாள் யூலியா. "முன்னால படி இருக்கு."