மெழுகு தடவிய தாழ்ப்பாள்கள்

அந்த மாளிகைக்குத் தச்சர் வேலைக்குப் போவது இது நான்காவது தடவை. அது வேஷம் மாற்றும்போதெல்லாம் அவருக்குத்தான் ஆள் வரும். ஊருக்கு வெளியே தோப்பு நடுவில், ஒரு பணக்காரர் கோடையில் வந்து காற்று வாங்கக் கட்டியது. வருஷத்தில் இரண்டு மாதம் தங்க நாற்பது அறை, கேட்டுக்கொள்ளுங்கள்! வாரிசுகள் அடித்துக்கொண்டு பிரிந்தபின் அது மனநல ஆஸ்பத்திரி ஆனது. அப்புறம் அரசாங்கக் காகிதக் கிடங்கு. அப்புறம் பல வருஷம் ஜன்னலுக்குப் பலகை அடித்துப் பூட்டிக் கிடந்தது. இப்போது கல்யாண மண்டபம்.

மண்டபத்தின் முதல் கல்யாணமே தச்சர் மகளுடையதுதான். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துப் பிடித்துப்போய், அவரை ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு செய்துவிட்டார்கள்.

மாடி வரிசையில் நின்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "பெரியவரே, இந்தக் கூத்தைப் பாருங்க. இருபத்திரெண்டு ரூம், அத்தனைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே ஒண்ணுகூட இல்ல. எந்தப் புண்ணியவான் போட்டானோ!"

"எவனோ போட்டிருக்கான்," என்றார் தச்சர். அந்த எவனோ அவரேதான். இருபத்திரண்டு வயதில் ஆஸ்பத்திரிக்காக அவர் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கும் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி செய்திருந்தார். அது அவர் கை வழக்கம். டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தபோது தலை கால் புரியவில்லை.

அடுத்த வருஷம், அதே வரிசையில் ஏழாவது அறைக்குள் சொந்த அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் விட்டார்.

அக்காவுக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. அவள் பேசுவதை நிறுத்தினாள். புருஷன் அவளைப் பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியும் பாராமல் போனான். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் எவன் பெண் கொடுப்பான் என்று அப்பா கேட்டார். "பத்தே நாள்க்கா, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார் தம்பி. பத்து நாள் மூன்று வருஷமானது. அதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகி, பிரசவத்தில் மனைவி போய்ச்சேர்ந்து, கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் வீடு திண்டாடியது. அப்போதுதான் எல்லோருக்கும் அக்கா குணமாகிவிட்டாள் என்று பட்டது. என்ன ஒரு வைத்தியம்!

அந்தக் குழந்தைதான் இப்போது மணப்பெண். அத்தை அங்கே இருந்தது அவளுக்குத் தெரியாது. "அத்தை வரலைன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்ப்பா," என்று ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நின்றாள். அத்தையோ, "எனக்கு முட்டி வலி" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் தச்சர் அக்காவின் அறைக்குப் போனார். அந்த அறைக்குக் கதவே கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அவள் கழற்றச் சொல்லிவிட்டாள். தச்சர் வீட்டிலேயே கதவுக்குப் பஞ்சமா என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

"அக்கா, அங்க இருந்த தாழ்ப்பாளெல்லாம் கழட்டிட்டேன்," என்றார்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நீ போட்டதுதானே?"

முப்பது வருஷமாகத் தச்சர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு எப்படிக்கா..."

"நம்ம வீட்டுத் தாழ்ப்பாளெல்லாம் எப்படிடா இருக்கும்? சத்தம் வருமா? அதுவும் அப்படித்தான். வெளியே சாத்தினாங்களா இல்லையான்னு கேக்காது. தள்ளிப் பார்த்தாத்தான் தெரியும். ஒருநாளாவது மறந்திருப்பாங்கன்னு தினமும் தள்ளிப் பார்த்தேன். மூணு வருஷம்."

தச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ அவருக்கு என்ன யோக்யதை?

அக்கா கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். "பிள்ளை கல்யாணத்துக்கு வராம இருப்பேனா? நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போ. உன் பையையும் எடுத்துக்க."

மறுநாள் காலை ஏழாவது அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. ஆளுயரக் கண்ணாடியும் சுற்றிலும் விளக்குகளும் வைத்திருந்தார்கள். மணப்பெண் அலங்காரத்துக்கு இந்த அறைதானாம். அக்கா வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். தச்சர் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"உள்பக்கம் ஒண்ணு போடு. நம்ம பிள்ளை இங்கதானே உக்காரப் போறா."

தச்சர் போட்டார். பழக்க தோஷம், கை தானாகப் பையில் மெழுகைத் துழாவியது.

"அது வேண்டாம்," என்றாள் அக்கா.

பிறகு அவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் கரகரவென்று நகர்ந்து, டக்கென்று விழுந்தது.

கால்மணி நேரம் போயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மேனேஜர் மாடியேறி வந்தார். "யாருங்க உள்ளே? திறக்கச் சொல்லுங்க, விளக்குக்காரங்க காத்திருக்காங்க."

"எங்கக்கா. கொஞ்சம் இருக்கட்டும்," என்றார் தச்சர். மேனேஜர் கீழே இறங்கிப் போனதும், தச்சர் உள்ளங்கையால் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"தள்ளாதேடா," என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல். "எனக்குத் தோணும்போது நானே திறப்பேன்."

"சரிக்கா," என்று சொல்லி, தச்சர் கதவோரத்தில் உட்கார்ந்தார்.