பன்னிரண்டாம் நட்சத்திரத்தின் பக்கம்

நாட்டின் மிக உயர்ந்த விருதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒன்பது பேர் கொண்ட குழு இருந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கி வருவதற்கு ஒரே ஓர் ஆள்தான். அவள்தான் விருதுப் பதிவாளர். வயது ஐம்பத்தைந்து. வேலையில் சேர்ந்து முப்பத்திரண்டு வருடம். அலுவலகத்தில் முகத்துக்கு நேரே 'நட்சத்திர அக்கா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'வசூல் அக்கா' என்பார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

திரும்ப வாங்குவது அவள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. நாடு தன் காலில் நிற்கத் தொடங்கிய நான்காம் வருடம் இந்தத் தகைமை விருதை ஏற்படுத்தியபோதே எழுதி வைத்த விதி அது. பழைய ஆட்சிக்காரர்கள் விட்டுப்போன பதக்கங்களை எல்லாம் நாணயச் சாலையில் உருக்கி, அந்த வெள்ளியில் நாற்பது நட்சத்திரங்கள் செய்தார்கள். எட்டு முனை, நடுவே மீனாகாரி என்ற கண்ணாடிப் பூச்சில் ஒரு வெள்ளை வட்டம், அதற்குள் நீலத்தில் விரித்த ஓர் உள்ளங்கை, சுற்றிலும் 'செய்தவருக்கு' என்ற ஒற்றைச் சொல். பின்பக்கம் ஓர் எண். ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் அந்த விருதோடு இருக்கக் கூடாது. ஒருவர் காலமானால் அவருடைய நட்சத்திரம் அலுவலகத்துக்குத் திரும்பும், சுத்தம் செய்யப்பட்டு அடுத்தவருக்குப் போகும். சிவப்பு நாடா மட்டும் குடும்பத்துக்கு.

அதனால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. பதினோராம் எண்ணை முதலில் அணிந்தவர் ஆற்றுப் பாலங்கள் கட்டிய ஒரு மேஸ்திரி. பன்னிரண்டாம் எண், சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவச்சியுடையது. விருது வாங்குகிறவருக்கு, தனக்கு முன்னால் அதை அணிந்தவரைப் பற்றி ஒரு சீட்டும் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுகளை எழுதுவதில் பதிவாளருக்குத் தனி ருசி.

அன்று காலை பதினொரு மணிக்கு அவள் போனது ஒரு குடிநீர் இன்ஜினியர் வீட்டுக்கு. அவர் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாடி வீடு, சுவர் முழுக்கக் குழாய் வரைபடங்கள், சமையலறையில் ஒரு சொட்டுகூட ஒழுகாத குழாய்கள். அவருடைய மனைவி எண்பதைத் தாண்டியவர். கறுப்புப் பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டு, வந்தவள் சரியாக வேலை செய்கிறாளா என்று பார்ப்பதுபோல எதிரே உட்கார்ந்துகொண்டார்.

பதிவாளர் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு நட்சத்திரத்தை எடுத்தாள். முனைகளை எண்ணினாள், மீனாகாரியில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு திருப்பினாள். பன்னிரண்டு.

கையில் இருந்த பதிவேட்டு நகலில் இன்ஜினியரின் பெயருக்கு எதிரே பதினொன்று என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பன்னிரண்டுதான்.

"என்ன, பன்னிரண்டுன்னு இருக்கா?" என்றார் அந்த அம்மா, அசராமல். "ஆமாம்மா, அது பன்னிரண்டுதான். முப்பத்தோரு வருஷமா அது பன்னிரண்டாத்தான் இருக்கு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். விழா நடக்குது, இவர் பேரைக் கூப்பிடப் போறாங்க, ஆளைக் காணோம். மண்டபத்துப் பின்னாடி கைகழுவுற இடத்துல குழாய் ஒழுகிட்டு இருந்திருக்கு. கோட்டைக் கழற்றி ஆணியில மாட்டிட்டு வால்வை இறுக்கிட்டு இருந்தார். அதுக்குள்ள அடுத்து நின்ன நர்ஸைக் கூப்பிட்டுட்டாங்க. தட்டுல வரிசையா வச்சிருந்ததை வரிசையா எடுத்துக் குத்திட்டாங்க. அவருக்கு வரவேண்டியது அந்தப் பொண்ணுக்கு, அந்தப் பொண்ணோடது இவருக்கு. சீட்டு மட்டும் அவங்கவங்க பேர்ல சரியா வந்துடுச்சு."

"அப்பவே எங்களுக்கு எழுதியிருக்கலாமேம்மா."

"எழுதாம இருப்பாரா?" அந்த அம்மா எழுந்து போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். "உங்க பதிலும் இருக்கு."

அலுவலகத் தாளில் தட்டச்சு செய்த நான்கு வரிக் கடிதம். 'தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. இவ்வலுவலகத்தில் அத்தகைய தவறு நேர வாய்ப்பே இல்லை. தாங்கள் பெற்றுக்கொண்டதே தங்களுக்குரியது என்பதை இதன்மூலம் உறுதிசெய்கிறோம்.' கீழே அப்போதைய பதிவாளரின் கையெழுத்து. இடது மூலையில், கடிதத்தை வரைந்த உதவியாளரின் முதலெழுத்துகள்.

அந்த இரண்டு எழுத்துகளும் அவளுடையவை. கடிதம் நினைவில் இல்லை. ஆனால் 'வாய்ப்பே' என்பதில் இருந்த அந்த 'ஏ' அவளுடையது என்று சத்தியம் செய்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதை எழுதினாலும் ஓர் ஏகாரத்தைப் போட்டு இறுக்கிவிடுவாள். காது மடல் இரண்டும் சுட்டன.

"இதை எழுதினது நான்தான்மா. 'வாய்ப்பே'ல இருக்கிற அந்த 'ஏ' என்னோடது."

அந்த அம்மா கடிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ சின்னப் பொண்ணா இருந்திருப்பீங்களே."

"இருபத்துநாலு."

"நல்ல தைரியமான கடிதம். இவர் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். 'அரசாங்கமே சொல்லிடுச்சு, இது என்னோடதுதான்'னு அதுக்கப்புறம் விட்டுட்டார். ஆனா சும்மா விடலை. தன்கிட்ட இருக்கிற நட்சத்திரம் ஒரு மருத்துவச்சியோடதுன்னு அந்த நர்ஸோட சீட்டைப் பார்த்துத் தெரிஞ்சதும், அந்தம்மா கடைசியா வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியைத் தேடிக் கண்டுபிடிச்சுப் போனார். மேல்மாடிக்குத் தண்ணி ஏறாம ஆயாக்கள் வாளியில தூக்கிட்டு இருந்திருக்காங்க. ஒன்றரை வருஷம் அலைஞ்சு மேல வரைக்கும் குழாய் போட்டுக் கொடுத்தார். நம்ம அம்மா ஆஸ்பத்திரி, நம்ம அம்மா ஆஸ்பத்திரின்னுதான் சொல்வார். அவரைப் பெத்தது வேற ஊர்ல."

"அந்த நர்ஸ்?"

"போன் நம்பர் தரேன். என்னை அண்ணின்னு கூப்பிடுவா. போய்ப் பாருங்க. ஆனா சாப்பிட்டுட்டுப் போங்க, அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா."

மறுநாளே பதிவாளர் போனாள். நர்ஸ் நகரத்தின் அந்தக் கோடியில், ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்பில் இருந்தார். தீக்காய வார்டில் நாற்பது வருடம் நின்ற கால்கள், இன்னும் நின்றுகொண்டேதான் பேசினார். வயது எழுபத்தெட்டு.

"வாங்க. அண்ணி சொன்னாங்க. என் நட்சத்திரத்தைப் பிடுங்க வந்திருக்கீங்களா? நான் இன்னும் சாகலையே."

"பிடுங்க இல்ல சிஸ்டர். மாத்திக் கொடுக்க. உங்களுக்கு உரியது இப்போ எங்க அலுவலகத்துல இருக்கு. விருப்பப்பட்டா இதை வாங்கிட்டு அதைக் கொண்டுவந்து முறையாக் குத்துறோம்."

நர்ஸ் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார். பதினோராம் எண் பளபளவென்று இருந்தது. தினமும் துடைப்பார் போல.

"முதல்ல எனக்கும் கோபம்தான்," என்றார். "பிரசவம் பார்த்த அம்மாவோடது எனக்கு வந்தா பொருத்தமா இருக்குமேன்னு. பாலம் கட்டினவரோடதை வச்சுட்டு நான் என்ன பண்ண? ஆனா அவர் கட்டின பாலத்தை ஒருதரம் பார்த்துட்டு வரலாம்னு போனேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தேன். அந்தப் பாலம் வர்றதுக்கு முன்னாடி அக்கரையில யாருக்காவது தீக்காயம் பட்டா படகுல ஏத்தி வர நாலு மணி நேரம் ஆகுமாம். எங்க வார்டுக்கு உயிரோட வந்து சேர்ந்த பாதிப் பேரு அந்தப் பாலத்து வழியா வந்தவங்க. அது எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் இதை மாத்தச் சொல்லிக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு விருது நாளும் அண்ணனுக்குப் போன் பண்ணுவேன். 'உங்க பாலம் பத்திரமா இருக்கு'ன்னு சொல்வேன். 'உங்கம்மாவுக்குத் தண்ணி வருது'ன்னு அவர் சொல்வார்."

"அப்போ மாத்த வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா ஒண்ணு வேணும். உங்க புத்தகத்துல நான் எங்க இருக்கேன்?"

"பன்னிரண்டாம் பக்கத்துல."

"பன்னிரண்டை நான் கையால தொட்டதுகூட இல்லை. என்னைப் பாலத்துப் பக்கத்துல எழுதுங்க. அண்ணனை அந்த அம்மா பக்கத்துல எழுதுங்க. அப்புறம், தப்பு உங்களோடதுன்னு ஒரு வரி. அதை அண்ணிகிட்ட கொடுங்க, எனக்கு வேண்டாம்."

பேருந்தில் திரும்பி வரும்போதே பதிவாளர் மனதில் முடிவாகிவிட்டது. அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளர் அறைக் கதவைத் தட்டினாள். செயலாளர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், கெட்டவர் இல்லை, ஆனால் பதிவேட்டில் சிவப்பு மை படுவது அவருக்குப் பிடிக்காது.

"அக்கா, எதுக்கு இந்த வம்பு? வந்த நட்சத்திரத்தைப் பதினொண்ணுன்னு வரவு வைங்க. நாளைக்கு அந்த நர்ஸ் காலமானா இன்னொண்ணும் தானா வந்துடும். பெட்டிக்குள்ள மாத்தி வச்சா விஷயம் முடிஞ்சுது. அறுபத்தெட்டு வருஷத்துல ஒரு திருத்தம்கூட இல்லாத பதிவேடு சார் இதுன்னு வெளிநாட்டு ஆளுங்ககிட்ட நானே பெருமையாச் சொல்லியிருக்கேன்."

"திருத்தம் இல்லைங்கறது உண்மை. தப்பு இல்லைங்கறதுதான் பொய்."

"சரி, அப்படியே இருந்தாலும் பேரை மாத்தி எழுத நமக்கு அதிகாரம் இல்லை. குழு யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்துச்சோ அதுதான் பதிவு."

"அது எங்க எழுதியிருக்கு?"

செயலாளர் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "எழுதித்தான் இருக்கும்."

"நான் பார்த்துட்டு வரேன்."

இரும்பு அலமாரியின் மேல்தட்டில் விருதின் முதல் சாசனம் இருந்தது. அச்சடித்த விதிநூலைத்தான் எல்லோரும் புரட்டுவார்கள். கையால் எழுதிய மூலத்தை அவளே இரண்டு முறைதான் எடுத்திருக்கிறாள். அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தாள். நாற்பது போதுமா நூறு வேண்டுமா என்று சண்டை போட்டதெல்லாம் ஓரக் குறிப்புகளாக இருந்தன. ஒரு நீதிபதி நூறு கேட்டிருக்கிறார். ஒரு பள்ளி ஆசிரியை, 'நூறு நல்லவர்களை எனக்குத் தெரியும், ஆனால் நூறு பேரின் பெயரை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள்' என்று எழுதி நாற்பதில் நிறுத்தியிருக்கிறார். பதினேழாவது விதியில் அவள் விரல் நின்றது. 'எந்த நட்சத்திரத்தை எவர் அணிந்தாரோ அவர் பெயரே அதன் பக்கத்தில் எழுதப்படும்.'

அணிந்தாரோ. அவள் அந்தச் சொல்லை மூன்று முறை வாசித்தாள். அச்சடித்த விதிநூலில் அந்த இடம் 'எவருக்கு ஒதுக்கப்பட்டதோ' என்று மாறியிருந்தது. யாரோ தட்டச்சு செய்தவர் தனக்குப் பிடித்த சொல்லைப் போட்டிருக்க வேண்டும். இருபத்துநாலு வயதில் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

சாசனத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் செயலாளர் மேஜையில் விரித்தாள். அவர் படித்தார். பேனா மூடியைக் கடித்தார். மறுபடி படித்தார்.

"கையெழுத்து யார் போடுவா?"

"நான். முதல் கடிதமும் நான் வரைஞ்சதுதானே."

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு அக்கா?"

"அந்த வீட்டுல கோப்புல இருக்கு."

செயலாளர் சிரித்துவிட்டார். "போங்க. சிவப்பு மை என் அலமாரியில இருக்கு. நீளமா எழுதாதீங்க."

நீளமாக எழுதவில்லை. பதினோராம் பக்கத்தில் இன்ஜினியர் பெயரின் மேல் ஒரு கோடு, அங்கே நர்ஸின் பெயர். பன்னிரண்டில் நர்ஸ் பெயரின் மேல் ஒரு கோடு, மருத்துவச்சியின் பெயருக்குக் கீழே இன்ஜினியரின் பெயர். ஓரத்தில் 'விழா நாளில் இவ்வலுவலகம் மாற்றி அணிவித்தது' என்ற குறிப்பு, தேதி, அவள் முழுக் கையெழுத்து. மை உலர்ந்ததும் ஒருமுறை பார்த்தாள். பக்கம் முன்பைவிட நன்றாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

கடிதத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை, நேரில் கொண்டுபோனாள். இன்ஜினியரின் மனைவி நர்ஸையும் வரவழைத்திருந்தார். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துச் சத்தமாகவே படித்தார். 'தங்கள் கணவர் சொன்னது சரி. தவறு எங்களுடையது. அவர் பெயர் இனி அவர் அணிந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கும்.'

அந்த அம்மா கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த வரைபடங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இந்தக் கடிதத்துல 'ஏ' இல்லையே," என்றார்.

"குறைச்சுட்டேன்மா."

"இதைப் படிச்சிருந்தாலும் அவர் சிரிச்சிருப்பார்."

"அண்ணன் எதைப் படிச்சுதான் சிரிக்கலை," என்றார் நர்ஸ். "தண்ணி வரி ரசீதைப் படிச்சே சிரிப்பார்." பிறகு, நர்ஸ் முன்பே போனில் கேட்டிருந்ததால், பதிவாளர் பன்னிரண்டாம் நட்சத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தாள். விதிப்படி அதை வெளியே கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்திருந்தாள். நர்ஸ் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஏந்தினார். "இதுவும் அதே கனம்தான்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருட விழாவில் பன்னிரண்டாம் நட்சத்திரம் பார்வையற்றோர் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ஒருவருக்குப் போனது. அவருக்கும் பார்வை கிடையாது. தொட்டுப் படிப்பதற்கென்றே கணிதப் புத்தகங்கள் உருவாக்கியவர். புதிதாக ஓர் ஏற்பாட்டைப் பதிவாளர் கொண்டுவந்திருந்தாள். மேடையேறும் முன் ஒவ்வொருவரும் தங்கள் நட்சத்திரத்தைத் திருப்பி எண்ணைச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் தட்டில் வைப்பார்கள். இவர் முறை வந்ததும் அவள் ஒரு கணம் தயங்கினாள். நாமே படித்துச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே நட்சத்திரத்தை அவர் கையில் வைத்தாள்.

அவர் கட்டைவிரலால் பின்பக்கத்தை ஒருமுறை தடவினார்.

"பன்னிரண்டு," என்றார். "இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

"முதல்ல ஒரு மருத்துவச்சிகிட்ட. அப்புறம் ஒரு குடிநீர் இன்ஜினியர்கிட்ட. சீட்டை உங்களுக்குப் புள்ளியெழுத்துல அடிச்சு வச்சிருக்கேன் சார், விழா முடிஞ்சதும் தரேன்."

"இப்பவே கொடுங்க. எனக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க இல்ல, அதுக்குள்ள படிச்சுடுவேன்."

அவள் சீட்டைக் கொடுத்தாள். திரைக்குப் பின்னால், கூட்டத்தின் கைதட்டல் வந்துகொண்டிருக்க, அவர் நின்றபடியே விரலை வரிவரியாக ஓட்டிப் படிக்கத் தொடங்கினார்.