மூன்று புள்ளி

ஸ்டைனாரை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று சிக்ரூன் கறுவிக்கொண்டிருந்தது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்தியான்சுண்ட் ஒன்றும் பெரிய ஊர் இல்லை. கருவாட்டுக் கிடங்குகளும், படகுத்துறையும், நகராட்சி நடத்துகிற ஒரு தியேட்டரும்தான். அங்கே வருகிற புதுப்படத்துக்கெல்லாம் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவள் சிக்ரூன். ஞாயிறு மதியம் அதே தியேட்டரில் பழைய படம் போட்டு, வந்தவர்களுக்கு வாஃபிள் சுட்டுக் கொடுத்து, படத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவளும் அவளேதான். அவளுக்கு அது பிழைப்பு இல்லை, பைத்தியம். சிவப்புக் கம்பளித் தொப்பியோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, சிரிப்பு வந்தால் ஹாலே திரும்பிப் பார்க்கச் சிரிப்பாள், அழுகை வந்தால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாள்.

நார்வேயில் விமர்சனம் என்றால் கூடவே ஒரு பகடை. படத்தின் பெயருக்குப் பக்கத்தில் பகடை முகத்தை அச்சடிப்பார்கள். ஆறு புள்ளி என்றால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடலாம், ஒரு புள்ளி என்றால் குப்பை. விழுந்து விழுந்து எழுதிய விமர்சனத்தை எவன் படிக்கிறான்? பகடையைப் பார்த்துவிட்டு நேரே வானிலைப் பக்கத்துக்குப் போய்விடுவான். ஆனாலும் சிக்ரூன் வாழ்நாளில் ஒரு பொய்ப் பகடை போட்டதில்லை. சொந்த அக்கா மகன் நடித்த படத்துக்கே இரண்டு போட்டுவிட்டு, அந்தக் கிறிஸ்துமஸை வீட்டில் தனியாகக் கழித்தவள்.

ஸ்டைனார் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஞாயிற்றுக்கிழமைப் படங்களை இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் வாஃபிள் சுட்டது ஸ்டைனாரின் அம்மா போர்கில்ட். அவளுக்குக் காது கேட்காது, படம் மட்டும் ஒன்று விடாமல் பார்ப்பாள். பிறகு ஸ்டைனார் ஆஸ்லோவுக்குப் போய் இயக்குநரானான். முதல் படம் கருவாட்டுக் கிடங்கில் பேய் வருகிற கதை. சகிக்கவில்லை. சிக்ரூன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு புள்ளி போட்டாள். நண்பனுக்கு நேர்மையாக இருந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

அவன் அந்த ஒற்றைப் புள்ளியை ஆள் உயரத்துக்குப் போஸ்டரில் அடித்தான். 'சிக்ரூனாலேயே தாங்க முடியாத படம்' என்று கீழே எழுதினான். ஜனம் சும்மா இருக்குமா? அப்படி என்னதான் கண்றாவி என்று பார்க்க அலைமோதியது. நம் ஊர் ஆட்டத்தில் தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும், அவனுக்கும் அப்படித்தான் இறங்கியது. வெற்றி விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, "என்னை வாழவச்ச தெய்வம்" என்று பூங்கொத்துக் கொடுத்தான். ஹால் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதற்கப்புறம் மீன் கடைக்குப் போனாலும், தபால் நிலையத்துக்குப் போனாலும், யாராவது ஒருவர் அவளைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டாமல் இருந்ததில்லை. சிக்ரூனுக்கு வயிறு எரிந்தது.

இப்போது அவனுடைய புதுப்படம் வந்திருந்தது. சொந்த ஊரில்தான் முதலில் வெளியீடு, மற்ற ஊர்களுக்கு அதற்கப்புறம்தான். அதில் சிவப்புத் தொப்பி போட்ட விமர்சகி ஒருத்தி வருகிறாள் என்ற பேச்சு முன்னாடியே பரவிவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்குப் படம் காட்டுகிற அன்று காலையில் தியேட்டர் மேலாளர் குன்வோர், சிக்ரூனின் நெடுநாள் சிநேகிதி, அவளைத் தன் அறைக்கு இழுத்துப்போய் ஒரு போஸ்டரை விரித்தாள். நடுவில் பெரிய பகடை. அதில் ஒரே ஒரு புள்ளி.

"பாருடி, நீ படம் பாக்குறதுக்கு முன்னாடியே அச்சடிச்சு அனுப்பிட்டான்," என்றாள் குன்வோர். "ஆத்திரத்துல நீ ஒண்ணுதான் போடுவேன்னு அவ்வளவு நம்பிக்கை."

சிக்ரூன் போஸ்டரை மடக்கி அவள் கையில் கொடுத்தாள். போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் தொப்பிக்காரி வந்தாள். தியேட்டரில் குறட்டை விட்டாள், தாடையில் ஜாம் ஒழுக வாஃபிள் தின்றாள், வீட்டில் செத்துப்போன நடிகர்களின் படங்களுக்குத் தட்டு வைத்து அவர்களோடு சாப்பிட்டாள். பின்வரிசையில் இருந்த மற்ற நிருபர்கள் சிரிப்பை அடக்குவது சிக்ரூன் காதில் விழுந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மீதிப் படம் அந்தத் தொப்பிக்காரியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கடைசியில் ஒரு படகுத்துறைக் காட்சி. காது கேட்காத ஒரு தாய், மகளை ஏற்றிவிட வருகிறாள். கப்பல் சங்கு ஊதுகிறது, நமக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. கப்பல் நகர்ந்த பிறகுதான் கையைத் தூக்குகிறாள். அது கண்ணை விட்டு மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை. கேமரா அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சிக்ரூன் தொப்பியைக் கழற்றி வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தத் தாய் யாரென்று அவளுக்கா தெரியாது? போர்கில்ட் வாஃபிள் தட்டை நீட்டிவிட்டு, ருசி எப்படி என்று முகத்தைப் பார்த்தபடி நிற்பது அப்படியே கண்முன் வந்தது. ஆறு புள்ளிப் படம். அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். ஒன்று போட்டால் போஸ்டர் தயாராக இருக்கிறது. இரண்டு போட்டாலும் அவளுக்குப் பொறாமை என்று சிரித்துக்கொண்டே கூட்டம் வரும். ஆறு போட்டால், தன்னை இவ்வளவு கேவலப்படுத்தியவனுக்குத் தானே மாலை போட்ட மாதிரி. மூன்று? அவளே எத்தனையோ படத்தை மூன்று புள்ளி பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறாள். மூன்று புள்ளிப் படத்தை யாரும் திட்டமாட்டார்கள், பாராட்டமாட்டார்கள், முக்கியமாகப் பார்க்கமாட்டார்கள். ஒன்று படத்தை வாழவைக்கும். மூன்று சத்தமில்லாமல் புதைத்துவிடும்.

மூன்று போட்டாள். விமர்சனத்தையும் சுருக்கமாக முடித்தாள். ஒளிப்பதிவு பரவாயில்லை, நடிப்பு பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம். தொப்பிக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரியை மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதினாள். 'படகுத்துறைக் காட்சியின் நீளத்தைக் குறைத்திருக்கலாம்.' எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சண்டை வரும் என்று ஆவலோடு பிரித்த ஊர், சப்பென்று ஆகிப்போய் வானிலைப் பக்கத்தைப் பார்த்தது. குன்வோர் போஸ்டர்களைச் சுருட்டிப் பரணில் போட்டாள். மாலைக் காட்சியில் காற்று வாங்கியது. சனிக்கிழமையும் அதே கதி. சிக்ரூன் மூன்று போட்டாளாம் என்று கேள்விப்பட்ட மற்ற ஊர்த் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அடுத்த வாரம் படத்தை மதியக் காட்சிக்குத் தள்ளினார்கள். பிறகு வியாழனோடு எடுத்துவிடுவது என்று முடிவானது. மீன் கடையில் ஒற்றை விரல் காட்ட ஆளில்லை. சிக்ரூனுக்கு மனசு குளிர்ந்தது. தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

அந்த வியாழன் மதியம் அவளே டிக்கெட் எடுத்தாள். படகுத்துறைக் காட்சியை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். யார் பார்க்கப்போகிறார்கள்? குன்வோர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். ஹாலில் ஈ காக்கை இல்லை. சிக்ரூன் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். படம் பாதியைத் தாண்டியபோது பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஸ்டைனார்தான். சவரம் செய்யாத முகம், மழையில் நனைந்த கோட்டு.

"அன்னைக்கு நான் ஆப்பரேட்டர் ரூம்ல இருந்தேன்," என்றான். "கண்ணாடி வழியா உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். படகுத்துறை சீன்ல உன் தோள் குலுங்கிச்சு சிக்ரூன்."

"சளி பிடிச்சிருந்துச்சு."

"ஒண்ணு போடு, வாங்கிக்கிறேன். ஆறு போடு, உன் கால்ல விழறேன். இந்த மூணு வேண்டாம்டி. நாளைக்கே திருத்தம்னு போட்டு மாத்திடு. தொப்பிக்காரிய வெட்டி எறிஞ்சுடறேன். தப்புதான், திமிருல பண்ணிட்டேன்." அவன் திரையைக் கைகாட்டினான். "அது எங்கம்மாடி. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எப்படி அந்தக் கடைசி வரிய எழுதின?"

"கொஞ்சம் நீளம்டா," என்றாள் சிக்ரூன்.

அவன் விடவில்லை. எழுந்து அவளுக்கு எதிரே, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வெளிச்சம் அவள் முகத்தில்தான் அடித்தது. "இதோ வருது. என் முகத்தைப் பாத்துச் சொல்லு, மூணுதானா?"

சங்கு ஊதியது. அவள் கண்ணை ஒரு நொடி திரைப்பக்கம் திருப்பியிருந்தால் போதும், அவனுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும். திருப்பவில்லை. வானிலைப் பக்கம் படிக்கிற முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் நீர் கோத்தது, உதடு கோணியது, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான். அதுவரை பார்த்தாள்.

"மூணுதான்," என்றாள்.

அவள் நிமிர்ந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. குன்வோர் விளக்கைப் போட்டாள். அந்தக் காட்சியைப் பார்க்கத்தான் சிக்ரூன் வந்திருந்தாள். பார்க்கவில்லை.