ஞாயிறு வரை போட்ட கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை என் மகள் சிறார் சீர்திருத்த இல்லத்திலிருந்து வீடு திரும்பினாள். புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மழையில் சிமென்ட் மூட்டை இறக்க முடியாது என்று மேஸ்திரி எங்களை மதியமே அனுப்பிவிட்டார். அதனால்தான் மாலையில் அலுவலர் அம்மா கதவைத் தட்டியபோது நான் வீட்டில் இருந்தேன்.

அவர் நன்னடத்தை அலுவலர். என் மகளுக்குப் பதினாறு வயது. கூடாத கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு கடையில் செல்போன் எடுத்த வழக்கில் பதினொரு மாதம் இல்லத்தில் இருந்தாள். அனுப்பும்போது இந்த அம்மாதான் முப்பது கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். தையல் வகுப்பு முடிந்து ஆறு மணிக்குள் அவள் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த நாளின் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒழுங்கு தவறினால் மறுபடி இல்லம்தான். அவளுக்கு அம்மா இல்லை. முழுப் பொறுப்பும் என் தலையில்.

அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளின் முன் அலுவலர் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மணி என்னங்க இப்ப?"

"அஞ்சே கால், மேடம்."

"பொண்ணு?"

"கிளாஸ்ல இருக்கா. வந்துருவா."

"இன்னும் வரவே இல்ல. இன்னைக்குக் கையெழுத்து இருக்கு. நாளைக்கும் இருக்கு. ஞாயிறு வரைக்கும் வரிசையா இருக்கு."

"ஆமாங்க. திங்கக்கிழமை காலைலயே போட்டுட்டேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு என்று புரிந்தது.

எங்கள் கிடங்கில் அப்படித்தான். திங்கள் காலை குளித்துவிட்டு வரும்போது கை சுத்தமாக இருக்கும். வருகைத்தாளில் வாரம் முழுவதற்கும் அப்போதே போட்டுவிடுவோம். அப்புறம் கையெல்லாம் சிமென்ட், தாள் நாசமாகிவிடும். யாராவது வராவிட்டால் மேஸ்திரி சிவப்பு மையில் அடித்துவிடுவார். எங்களுக்குக் கையெழுத்து என்றால் வருவேன் என்று சொல்வது. நாற்பது வயதுக்கு மேல் எழுதப் பழகியவன் நான். அதை வேறு எதற்கும் போட்டதில்லை.

இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அலுவலர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து ஐம்பதுக்கு மகள் நனைந்த தலையோடு உள்ளே வந்தாள். அலுவலரைப் பார்த்ததும் சுவரோரமாக நிமிர்ந்து நின்றாள். இல்லத்துப் பழக்கம். அவர் தாளைக் காட்டினார். அவள் விரலால் கட்டங்களைத் தொட்டு எண்ணினாள்.

"அப்போ சனி, ஞாயிறெல்லாம் நான் வீட்டுக்கு வந்தாச்சாப்பா?"

கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"திங்கள், செவ்வாய் நீ எத்தன மணிக்கு வந்த?" அலுவலர் அவளிடம் கேட்டார்.

"திங்கள் அஞ்சே முக்கால். நேத்து ஆறே கால். பஸ் கூட்டம், ஏற முடியல."

"வந்ததப் பாத்தது யாரு?"

"யாரும் இல்ல. அப்பா வர ஏழரை ஆகும்."

ஆறே காலை ஏன் சொல்லித் தொலைத்தாள் என்று எனக்குப் பதறியது. அவளோ சாதாரணமாகத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

அலுவலர் தாளைப் பிரித்து எடுத்து மடித்தார். "இது செல்லாது. ஆறு மணிக்கு வீட்ல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும். அதுக்கு வழி பண்ணுங்க. வெள்ளிக்கிழமை வரேன். வழி இல்லன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போக வேண்டியதா இருக்கும்."

மறுநாள் காலை மேஸ்திரியிடம் போய் நின்றேன். விடிகாலை நான்கு மணிக்கு வரும் லாரிகளை இறக்கும் கூட்டத்தில் என்னைப் போடச் சொன்னேன். ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் மூட்டை இரட்டிப்பு. இளவட்டங்கள் செய்கிற வேலை.

"ஏண்ணே, முதுகு உங்களோடதா, வாடகைக்கு எடுத்ததா?" என்றார் மேஸ்திரி.

"பொண்ணுக்காகப்பா."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு வாரம் பாப்போம். முடியலன்னா வாயத் திறந்து சொல்லணும். மூட்டையோட சேந்து உங்களையும் தூக்க ஆளு இல்ல. நாளைலேர்ந்து வாங்க."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அலுவலர் வந்தபோது நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தோம். என்னால் குனிய முடியவில்லை. மகள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேலை நேரம் மாறியதைச் சொன்னேன். மேஸ்திரிக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"அப்பா சொல்றது இருக்கட்டும். உனக்கு இங்க இருக்கணுமா? யோசிச்சு சொல்லு. அங்க போனா தப்புன்னு இல்ல."

மகள் என்னைப் பார்க்கவில்லை. நகத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"இவரு மூணு மணிக்கு எழுந்திருக்கணும் மேடம்," என்றாள் கடைசியில். "அலாரம் அடிச்சா அணைச்சுட்டுப் படுத்துடுவாரு. இன்னைக்கு மூணு தடவ எழுப்பினேன். நான் அங்க போயிட்டா இவரு வேலைக்கே போக மாட்டாரு."

"இது கேள்விக்குப் பதிலா?"

"ஆமா மேடம்."

அலுவலர் பையிலிருந்து புதுத் தாளை எடுத்தார். அன்றைய தேதியை முதல் கட்டத்தில் எழுதிப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார்.