பேய் சிரைத்ததாகச் சொன்னார்கள்

கண்ணாடிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் வான்ஜு ஷாம்பூவைச் சிறிது சிறிதாக விட்டு, தோளில் ஒரு சொட்டும் சிந்தாமல் நுரையை மேலே மேலே குவிப்பாள். வெளியே கீலுங் துறைமுகத்தின் ஓயாத மழை. உள்ளே அவள் விரல்களின் மெல்லிய அழுத்தம். வருகிறவர்கள் ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார்கள். பிறகு பேச்சு குழறும், கண் செருகும். கப்பலின் சங்கு ஊதினால்கூடக் கனவுக்குள் கேட்டதுபோல லேசாக முனகுவார்கள். மேட்டுச் சந்தில் இருந்த அந்தச் சின்னப் பார்லருக்குப் பாதிப் பேர் தூங்குவதற்காகவே வந்தார்கள்.

அன்று அப்படி அரைத்தூக்கத்தில் இருந்தவள் மீன்கடை மெய்ச்சூ. வான்ஜு கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தாள். மெய்ச்சூவின் கண் கண்ணாடியில் பட்டென்று திறந்தது.

"ஏ வான்ஜு, உன் உச்சந்தலையில என்னடி அது? வட்டமா, வழுவழுன்னு? ஐயையோ, பேய் சிரைச்சுட்டுப் போயிருக்கு!"

நம் பக்கத்தில் புழுவெட்டு என்பதை அங்கே பேய் சிரைத்த தலை என்பார்கள். தூங்குகிறவர் தலையில் பேய் வந்து கத்தி வைக்குமாம். மெய்ச்சூ நுரையை அவசரமாக அலசிக்கொண்டு, முடி காயாமலே குடையை விரித்தாள். அவள் மீன் விற்ற வீடுகளுக்கெல்லாம் அந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்தது.

பார்லர் நாற்காலி காலியாகத் தொடங்கியது. அதே சமயம் வட்டங்களும் பெருகின. காதுக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் ஒன்று. காலையில் தலையணையில் கிடக்கும் முடியை வான்ஜு சத்தமில்லாமல் திரட்டி எடுப்பாள். அவள் கனவுகளில் அந்த முடி ஜன்னல் வழியே மிதந்து போய், துறைமுகத்து நீருக்கடியில் பாசியாக அசைந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும்போல இருக்கும். எட்டாது.

அவள் நாத்தனார் பீயுன் மனசு கெட்டவள் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் தன்னிடம் மருந்து உண்டு என்று நம்புகிறவள். ஒரு கூடை இஞ்சியோடு வந்தாள்.

"தலையைக் குடு. எரியும்தான், பொறுத்துக்கோ. எரிஞ்சாத்தான் முடி வரும்."

"போதும் அண்ணி, தாங்க முடியல..."

"போன ஜென்மத்துல என்ன செஞ்சியோ, எனக்கென்ன தெரியும்? வாயை மூடிக்கிட்டு உக்காரு."

இஞ்சிச் சாறு தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கியது. கொப்புளம் உடைந்து நீர் வடிந்தபோது வான்ஜுவின் கணவன் முச்சுவான் அன்றைக்குப் பஸ் ஓட்டப் போகவில்லை. அதிகம் பேசாத மனிதன். குடையை எடுத்து வாசலில் நின்று, "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். அக்கா, நீயும் வா" என்றான்.

டாக்டர் ஃபாங் ஒரு சின்ன லென்ஸை வைத்து ஒவ்வொரு வட்டமாக, அவசரப்படாமல் பார்த்தார். பிறகு நாற்காலியை வான்ஜுவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கிருமி வந்தா சண்டை போடறதுக்குன்னு உடம்புல காவல் இருக்கும்மா. அது ஆள் தெரியாம உங்க முடி வேரையே அடிக்குது. வேர் சாகல, தூங்குது. எழுப்பிப் பார்ப்போம்."

"எழுந்துடுமா டாக்டர்?"

"நிறையப் பேருக்கு எழுந்திருக்கும். சிலருக்கு எழுந்து திரும்பத் தூங்கிடும். முழுசா கொட்டிப் போறவங்களும் உண்டு. நான் சத்தியம் பண்ணித் தர முடியாது. கூடவே தைராய்டும் ஒருதடவை பார்த்துடலாம்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"எதுவும் பண்ணல. கவலைப்பட்டதாலதான் வந்துச்சுன்னு யாராவது சொல்லுவாங்க. அந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்காதீங்க."

பீயுன் இடையில் நுழைந்தாள். "தொத்துமா டாக்டர்?"

"ஒரே சீப்புல சீவிக்கிட்டாலும் தொத்தாது. சரி, இந்தப் புண்ணு யார் பண்ணது?"

பீயுன் குடையின் நுனியைப் பார்த்துக்கொண்டாள்.

"இஞ்சியைச் சூப்புல போடுங்க" என்றார் டாக்டர். "தலையில வேண்டாம்."

புண் ஆறியபின் வட்டங்களுக்குள் மெல்லிய ஊசி போட்டார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை போய் வந்தாள். ஓர் இடத்தில் பூஞ்சைபோல வெள்ளை முடி தலை காட்டியது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்த அதே மாதம், புருவத்தின் வால் உதிர்ந்தது. பின்தலையில் மீதி முடியும் திட்டுத்திட்டாகப் போனது. மறைப்பதற்கு இனி இழுத்துச் சீவ முடி இல்லை என்றானபோது, ஒரு மத்தியானம் பார்லரில் தனியாக உட்கார்ந்து மெஷினை எடுத்துத் தானே எல்லாவற்றையும் வழித்தாள். முடி மடியில் மெத்தென்று விழுந்தது. அழுவோம் என்று நினைத்திருந்தாள். தலையில் காற்று படுவதுதான் முதலில் தெரிந்தது.

முச்சுவான் தினமும் காலையில் வெயில் படாமலிருக்கப் பூசும் கிரீமை அவள் தலையில் தடவிவிட்டான்.

"வெயில் அடிக்கிற ஊரா இது?" என்றாள்.

"அடிக்கிற அன்னிக்கு என்ன பண்ணுவ? அசையாம இரு. பஸ் கண்ணாடியைக்கூட நான் இவ்வளவு அக்கறையாத் துடைச்சதில்ல."

வான்ஜு வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

பீயுனின் மகள் யிங்ஷானுக்குக் கல்யாணம் வந்தது. பீயுன் ஒரு விலையுயர்ந்த விக்கை வாங்கிக்கொண்டு பார்லருக்கு வந்தாள்.

"இதை வெச்சுக்கிட்டு வா."

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. தோணற அன்னிக்கு வெச்சுக்குவேன். யாருக்கோ பயந்து வெச்சுக்க மாட்டேன்."

"மாப்பிள்ளை வீட்டுல அபசகுனம்னு பேசுவாங்கடி! அப்படின்னா நீ வரவே வேண்டாம்."

கல்யாணத்தன்று காலையில் பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு யிங்ஷான் ஈரத்தலையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அத்தை, கொண்டை நீதான் பண்ணிவிடணும், பந்தலுக்கும் வரணும். இல்லன்னா இப்படியேதான் பந்தலுக்குப் போவேன். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொன்னா?"

"கதவைத் திறந்து விட்டுட்டா."

தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் வட்ட மேசைகள் சிவப்பு விரிப்போடு நின்றன. தார்ப்பாயில் மழை தட்டிக்கொண்டே இருந்தது. சமையல் ஆவியும் கடல் மூட்டமும் கலந்து, எல்லோரும் மேகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதுபோலத் தெரிந்தது. வான்ஜு பென்சிலால் வரைந்த அழகான புருவத்தோடும் மொட்டைத் தலையோடும் அடுப்புப் பக்கத்துக் கடைசி மேசையில் போய் உட்கார்ந்தாள். பீயுன் பார்த்தாள். கூப்பிடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மருமகளின் கொண்டையை வியந்து தொட்டுப் பார்த்து, "யார் பண்ணது இது? கடலலை மாதிரி சுருட்டி வெச்சிருக்காங்களே!" என்றாள்.

பீயுன் வாய் திறக்குமுன் அந்த மேசையிலிருந்த மெய்ச்சூ முந்திக்கொண்டாள். "அதோ, அந்தப் பேய் சிரைச்ச தலைதான்."

மாப்பிள்ளையின் அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, பொண்ணு தலையிலயா கை வெச்சா? தொத்திக்காதா?"

யிங்ஷான் தன் அம்மாவையே பார்த்தாள். பீயுன் நண்டுச் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"தொத்தாது சம்பந்தி. டாக்டர் சொல்லும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். வந்து யார்கிட்டயும் சொல்லல. அவ தலையில இஞ்சியைத் தேய்ச்சுப் புண்ணாக்கினவ நான். போன ஜென்மத்துப் பாவம்னு பேசினவளும் நான். தொத்தினது அந்த நோய் இல்ல, எங்க பேச்சுதான். மெய்ச்சூ, உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மெய்ச்சூ சூப்புக்குள் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பீயுன் மேசைகளுக்கிடையே நடந்து போய் வான்ஜுவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அண்ணி, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். நோய் வந்தவங்க தலையை மறைச்சுக்க வேண்டியதில்ல. தெரியாத நோயைப் பத்தித் தெரிஞ்ச மாதிரி பேசறோமே, நாமதான் முகத்தை மறைச்சுக்கணும். வா, பொண்ணு பக்கத்துல உக்காரு."