இரண்டு சபினா

சபினா லவெலுக்குத் தன் வயதில் சந்தேகமே கிடையாது. எழுபத்தொன்று. எழுபது வயதானால் முதியோர் பென்ஷன் என்று வந்த பிறகு மேயோ மாவட்டத்தில் ஆளாளுக்கு வயதைக் கூட்டிக்கொண்டார்கள். அவளுக்கு அந்த அவசியம் இல்லை. உருளைக்கிழங்கு அழுகிப்போன நாற்பத்தேழாம் வருஷத்துப் பஞ்சத்தில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கஞ்சித்தொட்டிக்கு நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ஏழு வயது. இப்போது 1911. கணக்குச் சரி.

பென்ஷன் அதிகாரி ஹாஸ்லெட்தான் இழுத்தார். "எழுபது மாதிரி தெரியலையேம்மா."

"சதுப்புல இறங்கி அடுப்பெரிக்கக் கரிமண்ணு வெட்டிப் பாரு தம்பி, நீயும் இப்படித்தான் இருப்ப. டப்ளின்ல ஐம்பத்தொண்ணு ஜனத்தொகைக் கணக்கு இருக்காமே, தேடச் சொல்லு. அப்பா அந்தோணி ருடி, அம்மா பிரிட்ஜெட், ஊரு ட்ரம்கீல். ஒண்ணு விடாம எழுதிக்க."

ஒரு மாதம் கழித்து ஹாஸ்லெட் நகலோடு வீட்டுக்கே வந்தார். அடுப்போரம் புகைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் மார்ட்டின், தனக்கு ஏற்கெனவே பென்ஷன் வரும் தெம்பில், "என்னய்யா, கிழவி பாஸா ஃபெயிலா?" என்றான்.

ஹாஸ்லெட் சிரிக்கவில்லை. "உங்க குடும்பம் இருக்கும்மா. அந்தக் கணக்குல, முந்தின பத்து வருஷத்துல செத்தவங்களையும் எழுதியிருக்காங்க." மெதுவாகப் படித்தார்: "மகள் சபினா. 1847இல் காய்ச்சலில் மரணம். வயது ஏழு."

"நான்தான் உன் எதிர்ல நிக்கிறேனே!"

"உயிரோட இருக்கிறவங்க பட்டியல்லயும் ஒரு சபினா இருக்கா. வயசு மூணு."

சபினா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். இறந்துபோன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் அம்மா ஒரு நாளும் 'உனக்கு முன்னால் ஒருத்தி' என்று சொன்னதில்லை. 'என் சபினா என் கையைப் பிடிச்சுக்கிட்டு கஞ்சிக்கு நடந்தா' என்று மட்டும் சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டே, நடந்தது தான்தான் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மார்ட்டின் விரல் விட்டு எண்ணினான். "அப்போ உனக்கு அறுபத்துமூணு. கல்யாணத்தப்ப பதினெட்டா? இருபத்தாறு வயசு முதிர்கன்னிக்கு வாழ்க்கை கொடுத்தேன்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேனே!"

"இனிமே மாத்திச் சொல்லு. வாழ்க்கை கொடுத்தது நான்." குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. ஹாஸ்லெட்டிடம் திரும்பினாள். "பொய் சொல்லணும்னு சொல்லலை தம்பி. தெரியாமச் சொன்னேன். மனுவைக் கிழிச்சுப் போடு. ஏழு வருஷம் கழிச்சு வரேன்."

"உங்களைப் பார்த்தா கண்டிப்பா வருவீங்கன்னுதான் தோணுது" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியாரிடம் போனாள். "ஒரு ஆத்மாவுக்குப் பூசை வைக்கணும், ஃபாதர். சபினா ருடின்னு."

"அது கல்யாணத்துக்கு முந்தி உன் பேராச்சே?"

"எனக்கு முன்னாடி அது எங்க அக்கா பேரு. செத்து அறுபத்துநாலு வருஷம் ஆச்சு. அவளுக்காக வேண்டிக்க யாருமே இல்லாமப் போச்சு. நல்லா சத்தமாப் பேரைச் சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் சத்தமாகவே சொன்னார். கோயிலில் இருந்தவர்கள் திடுக்கிட்டு, முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சபினாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் மண்டியிட்டு, ஏழு வயதுக்காரிக்காகக் கண்ணை மூடினாள்.